பாய் இறக்கும் அவகாசம்

விளக்கு அணைவது வேறு; கணினி அணைவது வேறு. விளக்கு அணைந்தால் இருள் வருகிறது. மீண்டும் ஏற்றினால் இருள் போய்விடுகிறது. போன இருளோடு நமக்கு யாதொரு வழக்கும் இல்லை. கணினி அணைந்தாலோ, அந்தக் கணத்தில் அதன் நினைவில் நின்றது எதுவோ அது போய்விடுகிறது. பின்னர் மின்சாரம் திரும்பி வருகிறது. போனது திரும்பி வருவதில்லை.

அச்சுக்கூடம் பார்த்த அன்பர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். பழைய அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து ஒரு பக்கம் ஆக்கி, அதனைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டி வைப்பார்கள். கட்டு அவிழ்ந்தால் பக்கம் சிதறிப்போகும். எழுத்துகள் எல்லாம் இருக்கும், எழுதியது இராது. கணினியில் நாம் எழுதி இன்னும் சேமியாத பக்கத்தைக் கட்டி வைத்திருக்கும் நூல் மின்சாரம் ஒன்றே. சிறிது நேரம் அந்த நூல் அறுந்தாற் போதும். பெரும்பாலான கணினிகள் நின்றுவிடும்.

அந்த நூல் அறாமற் காக்கும் கருவிக்கு 'யூ.பி.எஸ்.' என்று பெயர். தமிழில் தடங்கலற்ற மின்வழங்கி எனலாம். மின்கலம் ஒன்று, அம்மின்கலத்தின் நேரோட்டத்தை வீட்டு மின்சாரம் போன்ற ஆடலோட்டமாக மாற்றும் சுற்று ஒன்று, மின்சாரம் நிற்கும் கணத்தைப் பார்த்திருக்கும் காவற் சுற்று ஒன்று, இம்மூன்றும் அடங்கிய பெட்டியே அது. வல்வெட்டித்துறையில் என் வீட்டு மேசைக்கு இத்தகைய பெட்டி ஒன்றைத் தெரிந்தெடுக்கப் புகுந்தபோது நான் கற்றவற்றை இங்கே சொல்ல விரும்புகிறேன். ஆசிரியரும் மாணவரும் எழுத்தாளரும் வீட்டிலிருந்தே கணினியோடு தொழில் செய்யும் இந்நாளில், இச்செய்தி சிலருக்கேனும் பயன்படும்.

என் மேசையில் நடக்கும் வேலை இது: பாய்க்கப்பல் வைத்திருந்த குடும்பம் ஒன்றின் பழைய கணக்குக் கொப்பிகளைப் பக்கம் பக்கமாக வருடியில் இட்டுப் படமாக்கி, பின்பு அவற்றைப் பார்த்துத் தட்டெழுதுகிறேன். கடற்காற்றின் உப்பும் காலமும் அந்தத் தாள்களைத் தின்றுவிட்டன. ஒரு தாளை ஒருமுறை புரட்டலாம். இரண்டாம் முறை புரட்டினால் ஓரம் பொடியாக உதிரும். உதிர்வது சில வேளை ஒரு தொகையாக இருக்கும், சில வேளை ஒரு துறைமுகத்தின் பெயராக இருக்கும். வருடி பாதிப் பக்கம் படித்துக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால், அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துக் கிடத்த வேண்டும். ஆகவே எனக்கு மின்தடை என்பது நேர நட்டம் மட்டும் அன்று. தாளின் ஓரத்தில் ஒரு சொல் நட்டம்.

நம் வசத்தில் இல்லாத ஒரு விசையை நம்பித் தொழில் செய்வது இவ்வூருக்குப் புதிதன்று. இங்கே கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. இவ்வூர் மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்றனர். காற்று யாருடைய சொல்லுக்கும் கட்டுப்படாது என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? கடுங்காற்று வருவதற்கு அறிகுறி கண்டால் தண்டையல் முதலிற் செய்வது பாயை இறக்குவது. அதற்கு வேண்டியது சிறிது அவகாசம். அந்த அவகாசம் கிடைத்தால் கப்பல் பிழைக்கும். கிடையாவிட்டால் பாய்மரமே முறியலாம். யூ.பி.எஸ். என்பதும் அந்த அவகாசத்தை விலைக்குத் தரும் பெட்டியே. பயணத்தை முடித்துத் தருவது அதன் வேலையன்று. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால், கடையில் எதைக் கேட்பது என்பது தானே விளங்கிவிடும்.

மின்சாரம் இல்லாத வாழ்வும் நாம் அறியாததன்று. 1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. நின்றது ஆண்டுக்கணக்கில் நின்றது. நாட்டின் பொது மின்தொகுதியோடு குடாநாடு மறுபடியும் இணைந்தது 2009 இல் போர் முடிந்த பின்னரே. இடைக்காலத்தில் மண்ணெண்ணெய் அருமையாயிற்று. மின்கலங்கள் இங்கே கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் சேர்ந்தன. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கின் சிறு சுடரிற் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சுழற்றும் கை நின்றால் செய்தியும் நின்றுவிடும். ஆதலால் கை ஓய்ந்தவரிடமிருந்து மிதியை வாங்கிக்கொள்ள மற்றொருவர் அருகே காத்திருப்பார். காத்திருந்த அந்த இரண்டாவது கைதான் யூ.பி.எஸ். அந்தக் கை எவ்வளவு விரைவாக மிதியைப் பற்றுகிறது, எவ்வளவு நேரம் சுழற்றும் என்னும் இரண்டு கேள்விகளிலேயே இக்கருவியின் இலக்கணம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

இன்றைய மின்தடைகள் வேறு வகையின. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில், எரிபொருள் வாங்கப் பணமில்லாத நாட்டில், ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நடந்தது. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆந் திகதி ஞாயிறன்று முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது; பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. முன்பொரு காலத்தில் இலங்கையைச் சுட்டதாகப் படித்த குரங்கினம் இம்முறை இலங்கையின் விளக்கை அணைத்தது என்று ஊரார் சிரித்தார்கள். இவை பெருநிகழ்ச்சிகள். நாள்தோறும் நேர்வன சிறியன: கம்பியில் தென்னோலை விழுகிறது, வாடைக்காற்றில் கம்பிகள் உரசுகின்றன, மின்காவலிகளிற் படிந்த உப்பு பனியில் நனைந்து மின்சாரத்துக்கு வழிவிடுகிறது. ஒரு வினாடி நிற்கும், உடனே வந்துவிடும். விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது என்று வீட்டார் சொல்வார்கள். கணினிக்கு அது மரணமும் மறுபிறப்பும் ஆகும்.

இனித் தெரிவுக்கு வருவோம். முதலிற் செய்யவேண்டியது கணக்கு. கணினியின் உள்ளே இருக்கும் மின்வழங்கியில் 450 வாற்று என்று எழுதியிருக்கக் கண்டு, கணினி அவ்வளவையும் உண்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது பானையின் கொள்ளளவு. அன்றாடம் சமைக்கும் அரிசியின் அளவு அன்று. சுவர்க் குதைக்கும் கணினிக்கும் இடையிலே செருகிப் பார்க்கும் சிறு வாற்றுமானி ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். எழுத்து வேலையின்போது கணினிப் பெட்டி 80 வாற்று, திரை 25, வருடி 5, ரௌற்றர் எனப்படும் இணைய இணைப்புப் பெட்டி 10. ஆக 120 வாற்று.

அடுத்தது, பெட்டியின் முகத்திலுள்ள எண்ணை வாசிக்கும் முறை. 650 வீ.ஏ., 1000 வீ.ஏ. என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். வீ.ஏ. என்பது வோல்ற்று-அம்பியர், அது உரியாத தேங்காய். உள்ளே இருக்கும் பருப்பு வாற்று. அதனைப் பெட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்திற் காணலாம். 650 வீ.ஏ. பெட்டி பெரும்பாலும் 360 அல்லது 390 வாற்றுத்தான் தாங்கும். நம் சுமை அதன் பாதிக்குள் அடங்கினால் பெட்டி இளைப்பின்றி வேலை செய்யும். என் 120 வாற்று மூன்றில் ஒரு பங்கே.

மூன்றாவது, எவ்வளவு நேரம்? சிறிய பெட்டிகளில் வழக்கமாக இருப்பது 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணித்தியால ஈய மின்கலம். இரண்டையும் பெருக்க 84 வாற்று-மணித்தியாலம் வரும். ஆயினும் ஈய மின்கலத்தை விரைவாக உறிஞ்சினால் அது முழுதையும் தருவதில்லை. மாற்றும் சுற்றும் தன் பங்குக்குச் சிறிது உண்ணும். ஆதலால் பாதியையே நம்பலாம். 42 ஐ 120 ஆல் வகுத்தால் ஏறக்குறைய இருபது நிமிடம். புதிய மின்கலத்திலேயே அதனைக் கால் மணித்தியாலம் என்று கொள்வதே விவேகம். மின்கலம் முதிர முதிர அதுவும் குறையும். ஒரு பக்கத்தை வருடி முடிக்க ஒரு நிமிடமும், சேமித்துக் கணினியை முறையாக அணைக்க மூன்று நிமிடமும் எனக்குத் தேவை. ஆகக் கால் மணித்தியாலம் எனக்குத் தாராளம்.

நான்காவது, இரண்டாவது கையின் விரைவு. யூ.பி.எஸ். மூவகைப்படும். முதல்வகை 'ஸ்ராண்ட்பை'. மின்சாரம் உள்ளவரை சும்மா இருந்து, நின்றவுடன் சில ஆயிரத்திலொரு வினாடிகளுக்குள் மின்கலத்துக்கு மாறும். விலை மிகக் குறைவு. இரண்டாம் வகை 'லைன் இன்ரர்அக்ரிவ்'. மின்னழுத்தம் சற்றே தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் மின்கலத்தைத் தொடாமலே தன்னிடமுள்ள மின்மாற்றியால் அதனைச் சீராக்கும். மூன்றாம் வகை 'ஒன்லைன்'. எப்போதும் ஆடலோட்டமாக மாற்றும் சுற்றின் வழியாகவே மின்சாரத்தைக் கொடுப்பது. மாறும் நேரம் என்பதே இல்லை. மருத்துவக் கருவிகளுக்கும் பெரிய கணினி நிலையங்களுக்கும் அது தகும். வீட்டுக்கு விலை அதிகம்; விசிறியின் இரைச்சலும் வெப்பமும் உண்டு. எங்கள் ஒழுங்கையில் மாலையில் எல்லாக் கிணறுகளிலும் நீர் இறைக்கும் மோட்டார் ஒருங்கே ஓடும்போது 230 வோல்ற்று வரவேண்டிய இடத்தில் 205 அளவிற்குத் தாழ்வதை மானியிற் கண்டேன். முதல்வகைப் பெட்டி இத்தகைய தாழ்வு கூடும்போது அடிக்கடி மின்கலத்துக்கு ஓடி அதனைக் களைப்பாக்கும். எனவே இரண்டாம் வகையை வேண்டினேன்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நெல்லியடியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி அன்போடு வரவேற்றார்.

"ஐயாவுக்கு எத்தினை மணித்தியாலம் வேணும்?"

"மணித்தியாலம் வேண்டாம் தம்பி. பத்து நிமிசம் வேணும்."

அவர் சிரித்தார். "எல்லாரும் நாலு மணித்தியாலம் ஓடுமோ எண்டுதான் கேக்கிறவை. பத்து நிமிசம் கேட்டு வந்தவர் நீங்கள்தான்."

நான்கு மணித்தியாலம் வேண்டுவோர் கேட்க வேண்டியது வேறு பொருள். பெரிய மின்கலத்தோடு இணைக்கும் 'இன்வேர்ட்டர்' அதற்கு உரியது. 12 வோல்ற்று, 150 அம்பியர்-மணித்தியால மின்கலம் ஒன்றில் அடங்குவது 1800 வாற்று-மணித்தியாலம். சிறு பெட்டியின் மின்கலத்தைப் போல இருபது மடங்குக்கு மேல். ஆனால் அதற்கு இடம் வேண்டும், நீர் ஊற்ற வேண்டும், மின்னேறும்போது எழும் வாயு வெளியேறக் காற்றோட்டம் வேண்டும். மின்கலத்துக்கு மாறும் வேகம் கணினிக்குப் போதுமானதா என்றும் பார்க்க வேண்டும். கூரையிற் சூரிய மின்தகடு வைத்தோர் தமக்குக் கவலையில்லை என்று எண்ணுவதுண்டு. மின்கலம் இல்லாத சாதாரண அமைப்பு, வெளி மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியிற் பழுது பார்ப்பவரின் உயிரைக் காக்க அப்படி அமைத்திருக்கிறார்கள்.

கடையில் இன்னும் ஒன்றைச் சோதித்துக் கொண்டேன். மலிவான பெட்டிகள் தரும் ஆடலோட்டம் அலைபோல வளைந்து செல்லாது; படிக்கட்டுப் போல ஏறி இறங்கும். பல கணினிகள் அதனை ஏற்கும். புதிய மின்வழங்கிகள் சில ஏற்காமல், மாறும் கணத்திலேயே நின்றுவிடும். அப்படியானவற்றுக்குத் தூய அலை தரும் பெட்டியே வேண்டும். ஆதலால் கணினியையும் கொண்டுபோய், பெட்டியோடு இணைத்து, சுவர் ஆளியை அணைத்துப் பார்த்தோம். கணினி அசையவில்லை. 650 வீ.ஏ. பெட்டியையே வாங்கினேன்.

அவ்வேளை அங்கே நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் தேவை என்னுடையதிலும் கடினமாகத் தோன்றிற்று. அவர் பிற்பகல்களில் இணையத்தின் வழியே ஐரோப்பாவிலுள்ள எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறார். வகுப்பு மூன்றுமுறை அறுந்தால், நாலாம் முறை பிள்ளை வராது. பிள்ளை வராவிட்டால் அந்த வீட்டில் தமிழ் ஒரு படி இறங்கிவிடும் என்பது அவருடைய கவலை. பெரிய பெட்டி ஒன்றுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், நீங்கள் படிப்பிக்கிறது மடிக்கணினியிலோ?" என்று கேட்டேன்.

"ஓம். அது ரெண்டு மணித்தியாலம் தாங்கும்."

"அப்ப நிக்கிறது ரௌற்றர் மட்டும்தானே?"

மடிக்கணினிக்குள் மின்கலம் முன்னரே இருக்கிறது; அதுவே அதன் யூ.பி.எஸ். அவருக்கு வேண்டியிருந்தது ரௌற்றருக்கு நேரே நேரோட்டம் கொடுக்கும் உள்ளங்கை அளவான சிறு பெட்டி. ரௌற்றரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ற்றும் அம்பியரும் அதனோடு ஒத்தால் போதும்; 12 வோல்ற்றுக்கு 9 வோல்ற்றைக் கொடுத்தல் ஆகாது, 9 க்கு 12 ஐக் கொடுத்தல் அதனினும் ஆகாது. பெரிய பெட்டியின் விலையில் ஒரு பங்குக்கே அவர் காரியம் முடிந்தது. தொலைத்தொடர்புக் கோபுரத்திலும் மின்கலம் உண்டு. அது ஓயும்வரை வகுப்பு நடக்கும். அதற்கப்பால் எவராலும் ஆவதொன்றுமில்லை.

வாங்குவதோடு காரியம் முடிவதில்லை. வைக்கும் இடமும் முக்கியம். ஈய மின்கலத்தின் ஆயுளை 25 பாகை வெப்பத்தில் கணித்துச் சொல்வார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். நம் வீடுகளில் 30 பாகைக்கு மேல் ஏறுவது இயல்பு. ஆகவே அலுமாரிக்குள் அடைத்து வைக்கலாகாது. வெயில் படும் சுவரோரமும் ஆகாது. கடலைப் பார்த்த யன்னலுக்கு எதிரே வைத்தால் உப்புக்காற்று உள்ளே புகுந்து செம்பைப் பச்சையாக்கும். வீட்டில் புவித்தொடுப்புச் சரியாக உள்ளதா என்று மின்னிணைப்பாளரைக் கொண்டு பார்ப்பிக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை இடிமின்னலில் மிகைமின்னைத் திருப்பிவிட மண்ணைத் தவிர வேறு வழியில்லை. லேசர் அச்சுப்பொறியை இப்பெட்டியில் இணைக்கவே கூடாது. தாளைச் சூடாக்கும்போது அது ஒரே மூச்சில் பெரும் மின்னை இழுத்துப் பெட்டியை வீழ்த்திவிடும். மாதம் ஒருமுறை, வேலையைச் சேமித்துவிட்டு, சுவர் ஆளியை அணைத்துச் சோதித்தல் நன்று. செருகியைப் பிடுங்கிச் சோதிப்பவர்கள் புவித்தொடுப்பையும் சேர்த்து அறுத்துவிடுகிறார்கள்.

கடந்த மார்கழியில் ஓர் இரவு. வாடைக்காற்று. வருடியின் கண்ணாடிமேல் ஒரு தாள் கிடந்தது. வீதியும் வீடும் ஒருங்கே இருண்டன. மேசைக்குக் கீழே பெட்டி கூவத் தொடங்கிற்று. வருடியின் ஒளிக்கோடு நிற்கவில்லை. தாளின் அடிவரை சென்று திரும்பியது. சேமித்தேன். கணினியை அணைத்தேன். தாளை அதன் உறையில் வைத்தேன். எல்லாம் நான்கு நிமிடத்துக்குள் முடிந்தது. அந்தத் தாளில் இருந்தது அரிசி மூடைக் கணக்கும் ஒரு தொழிலாளிக்குக் கொடுத்த முற்பணமுமே. அவை இப்போது இரண்டு இடத்தில் இருக்கின்றன.

மின்கலம் இரண்டு மூன்று ஆண்டில் ஓய்ந்துவிடும். அப்போது நினைவில் வைக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதனுள் இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். நம் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை; அதன் வெடிப்புகளின் வழியே மேலே விழுந்தது எதுவும் விரைவிற் கிணற்றை அடையும். இங்கே வற்றாத ஆறு இல்லை. கிணறே நமக்கு ஆறு. ஆதலால் ஓய்ந்த மின்கலத்தை வேலியோரம் எறியாமல், புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிட வேண்டும். ஈயத்துக்கு விலையுண்டு, கடைக்காரர் அதனை விலையிற் கழித்துக்கொள்வார்.

பெரியதை வாங்குவதே பாதுகாப்பு என்று எண்ணுவது மனித இயல்பு. தேவையை அளந்து வாங்குவதே பாதுகாப்பு என்பது கணக்குச் சொல்லும் பாடம். எதைக் காக்க வேண்டும், அதற்கு எத்தனை நிமிடம் வேண்டும் என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். விடை பெரும்பாலும் நாம் அஞ்சியதிலும் சிறியதாகவே இருக்கும்.